வலது முழங்காலில் அரை இஞ்ச்

படியில் வழுக்கி உட்கார்ந்தபோது சவரிராஜ் முதலில் பார்த்தது காலை அல்ல, கால்சட்டையைத்தான். துணி கிழிகிற சத்தம் கேட்டிருந்தது. கெட்டித் துணியைத் தையல் ஓரத்தில் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். முப்பத்தொரு வருடமாகச் சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட் மாடியில் தையல் கடை வைத்திருப்பவருக்கு அதில் சந்தேகம் வராது. முழங்கால் பக்கம் தடவினார். துணி முழுசாக இருந்தது. பின்பக்கத் தையலும் விடவில்லை. எது கிழிந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் வலி வந்தது.

புக்கிட் பாஞ்சாங்கில் அவருடைய அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஐந்தே படிகள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் பிளவுஸ் துணிகள் அடங்கிய பை. கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. இடது கால் முன்னால் வழுக்கிக்கொண்டு போக, வலது கால் பின்னால் மடங்கி, எண்பத்திரண்டு கிலோ உடம்பும் அதன்மேல் இறங்கிவிட்டது. தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. கடையில் ஐம்பத்தெட்டு பிளவுஸ் வெட்டப்படாமல் கிடந்தன. சவரிராஜுக்கு வயது ஐம்பத்தொன்பது.

வீட்டுக்குத் திரும்பி வந்து சோபாவில் கால் நீட்டியபோது முழங்கால் பன் ரொட்டிபோல் உப்பியிருந்தது. மனைவி பிரிஜட் ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி வைத்தாள்.

"ஆஸ்பத்திரி போவோம். டாக்சி கூப்பிடுறேன்."

"எதுக்கு? நடந்துதானே வந்தேன்."

"நடந்தீங்களா? செவுத்த பிடிச்சிக்கிட்டு வந்தீங்க. நான் பார்த்தேன்லா."

"செவுத்த பிடிச்சாலும் நடைதான். எலும்பு ஒடஞ்சா நாலு எட்டு வைக்க முடியாதுன்னு நீதான் போன மாசம் வாட்ஸ்அப்ல வந்துச்சுன்னு படிச்சுக் காட்டின."

பிரிஜட் போனைத் தேடி எடுத்து அதை மறுபடி வாசித்தாள். அப்படித்தான் போட்டிருந்தது. அவர் எழுந்து, கழிப்பறைவரை எட்டு அடி வைத்துக் காட்டினார். வலது காலைக் குச்சிபோல் விறைப்பாக வைத்து, இடுப்பைத் தூக்கி, பக்கவாட்டில் வீசி நடந்தார். ஆனால் நடந்தார். அப்படியானால் எலும்பு முறியவில்லை. எலும்பு முறியவில்லை என்றால் வெறும் சுளுக்கு. இருவரும் அந்த முடிவுக்கு வந்தார்கள். முழங்காலுக்குள் எலும்பைத் தவிர வேறு என்னென்ன இருக்கிறது என்பதைப் பற்றி அந்தச் செய்தியில் ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. சவரிராஜுக்குச் சர்க்கரை உண்டு. நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கப் பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்து மாத்திரை வாங்குவார். அடுத்த தேதி அக்டோபர் ஒன்பது, இன்னும் இருபத்தாறு நாள். "அன்னைக்கே முட்டியையும் சேர்த்துக் காட்டிக்கலாம். ஒரே நம்பர், ஒரே க்யூ," என்றார். கையில் ஒரு தேதி இருக்கும்போது இன்னொரு தேதி கேட்பது அவருக்கு முறையாகப் படவில்லை.

மூன்றாம் நாள் கடைக்குப் போய்விட்டார். வீட்டிலிருந்து ரயில் ஏறினால் கடை இருக்கும் லிட்டில் இந்தியாவில்தான் இறக்கம், மாற வேண்டியதில்லை. லிஃப்டும் உண்டு. மகள் மிராண்டா கிளமெண்டியில் வேலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டு கடைவரை கூட வந்து விட்டுப் போனாள்.

குழப்பம் அன்றைக்குத்தான் தொடங்கியது. மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் கால் சரியாகிவிட்டது. அவருடைய மெஷினில், பலகைக்கு அடியில், வலது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இருக்கிறது. அதை முழங்காலால் பக்கவாட்டில் தள்ளினால் துணியை அழுத்தும் பாதம் மேலே எழும்பும். இரண்டு கையும் துணியிலேயே இருக்கலாம். ஒரு பிளவுஸுக்கு நூறு தடவையாவது தள்ள வேண்டியிருக்கும். தள்ளினார். வலிக்கவில்லை. பெடலை மிதித்தார். வலிக்கவில்லை. மதியத்துக்குள் மூன்று பிளவுஸுக்குக் கை ஏற்றி முடித்தார். கட்டிங் டேபிளுக்குப் போக எழுந்தபோது முழங்கால், தாழ் போடாத மடக்குக் கதவுபோல, சட்டென்று மடிந்துவிட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

எதிர்க்கடை அஹமது கபீர் லேசும் பட்டனும் விற்பவர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்னண்ணே, மேஜைக்கு சலாம் வைக்கிறீங்க?"

"வழுக்கிடுச்சு பாய்."

"தரை காஞ்சு கெடக்குது, எங்க வழுக்குச்சு? சீன வைத்தியம் பார்க்கிற சின்சே கிட்ட போங்க. எங்க மச்சானுக்கு ரெண்டே பத்து போட்டதுல சரியாச்சு."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"தோள்பட்டை."

"எனக்கு முட்டி பாய்."

"எல்லாம் ஒரே ஒடம்புதானே லா. சரி, அங்க வேணாம்னா டாக்டர்கிட்ட போங்க. லீவுக்கு எம்.சி. எழுதிக் குடுப்பாங்க."

"எம்.சி. வாங்கி யார்கிட்ட காட்டுறது? முதலாளியும் நான்தான், வேலைக்காரனும் நான்தான்."

"அப்ப ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க," என்று கபீர் பட்டன் டப்பாவை மூடினார்.

அந்த இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரவில்லை. உட்கார்ந்தால் நல்ல கால், எழுந்தால் கெட்ட கால். ஏறும்போது இடது காலை முதலில் வைத்தால் ஏற முடிந்தது; வலது காலை முதலில் வைத்தால் உடம்பு மேலே போகவில்லை. தட்டையான இடத்தில் விறைப்பாக வைத்தால் தாங்கியது. கொஞ்சம் மடங்கினால் விட்டுவிட்டது. வலியோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாம் நாள் வலி மாத்திரையை நிறுத்திவிட்டார். வலி குறைகிறது என்றால் ஆறுகிறது என்றுதானே அர்த்தம்? ஆறுகிற கால் ஏன் மடிகிறது?

தெரியாத ஒன்றை அவர் அளந்துதான் பார்ப்பார். கடைக்கு வருகிறவர்கள் "கொஞ்சம் லூசா", "கொஞ்சம் டைட்டா" என்பார்கள். அதை அவர் காதில் வாங்குவதே இல்லை. டேப் வைத்தால்தான் பேச்சு. முதல் நாள் ராத்திரியிலிருந்தே முழங்காலின் சுற்றளவை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தார். இடது, பதினாலே முக்கால். வலது, முதல் நாள் பதினேழு. மூன்றாம் நாள் பதினாறரை. எட்டாம் நாள் பதினைந்தே கால்.

"பாரு, இறங்குது," என்று பிரிஜட்டிடம் நோட்டை நீட்டினார்.

"நோட்டுல இறங்குது. கட்டில்ல ஏற ரெண்டு கையாலயும் காலைத் தூக்கி வைக்கிறீங்க."

"அது ஜாக்கிரதைக்கு."

அவர் அதை உண்மையாகவே நம்பினார். படுக்கும்போது வலது தொடைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கி, மடித்த துணியை அலமாரியில் வைப்பதுபோல் மெத்தையில் வைப்பார். கை கொடுக்காமல் தூக்க முடிகிறதா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. புண்பட்ட இடத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

எட்டாம் நாள் தொடையையும் அளந்தார். இரண்டாம் நாள் பிரிஜட் சொல்லி ஒருமுறை அளந்து வைத்திருந்தார். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இரண்டு பக்கமும் பத்தொன்பது. இப்போது வலது தொடை பதினெட்டே கால். வீக்கம் தொடையிலிருந்தும் வடிகிறது என்று எழுதிக்கொண்டார். இடது தொடையில் வீக்கமே வந்ததில்லை, அதுவும் அந்த இரண்டாம் நாள் பத்தொன்பதுதான் இருந்தது என்பது எழுதும்போது மனதில் லேசாக இடறியது. அதற்குள் வைதேகி என்ற வாடிக்கையாளர் தன் பட்டு பிளவுஸ் எப்போது என்று போனில் கூப்பிட்டுவிட்டார். வியாழக்கிழமை என்று சொல்லி வைத்ததில் அந்த இடறல் போய்விட்டது.

பத்தாம் நாள், ஞாயிறு. மாதா கோயிலில் பூசையின்போது எல்லோரும் முழந்தாளிட, அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதில் ஒன்றும் இல்லை, வயதானவர்கள் பலரும் அப்படித்தான். நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது முழங்கால் மடிந்து, முன்னால் போன பெண்மணியின் தோளைப் பிடித்துவிட்டார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வை மதியம்வரை அவருக்கு மறக்கவில்லை.

அன்று சாயங்காலம், கடையில் யாருக்காவது கால்சட்டை தைத்தால் எடுப்பதுபோல முழு அளவும் எடுத்துவிடுவது என்று உட்கார்ந்தார். ஒரே ஒரு அளவை வைத்து அவர் எந்தத் துணியையும் வெட்டியதில்லை. இத்தனை நாள் இந்தக் காலை மட்டும் ஒரே அளவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் உறைத்தது. கால் இரண்டையும் கட்டிலில் நீட்டினார். டேப்பின் தலைப்பைப் பிரிஜட் இடுப்பெலும்பில் பிடித்தாள். அவர் முழங்கால் சில்லின் நடுவரை இழுத்தார். இடது இருபத்திரண்டு. வலது இருபத்திரண்டரை.

"சரியா பிடி."

"சரியாத்தான் பிடிச்சிருக்கேன்."

மறுபடி இருபத்திரண்டரை. டேப் பழசு, இழுபட்டிருக்கும் என்று பையிலிருந்த புது டேப்பை எடுத்தார். பிரிஜட்டை முழங்கால் பக்கத்திலும் தன்னை இடுப்புப் பக்கத்திலும் மாற்றிப் பார்த்தார். இடது இருபத்திரண்டு, வலது இருபத்திரண்டரை. இடுப்பிலிருந்து குதிகால்வரை அளந்தால் இரண்டு காலும் ஒன்று. அப்படியானால் கால் நீளவில்லை. முழங்கால் சில்லு மட்டும் அரை இஞ்ச் கீழே இறங்கியிருக்கிறது.

"பொறந்ததிலிருந்தே அப்படி இருந்திருக்கும்லா," என்றாள் பிரிஜட்.

"இல்ல. என் பேன்ட் எல்லாம் நான்தான் தைக்கிறேன். ரெண்டு பக்கமும் இருபத்திரண்டு."

சில்லுக்கு மேலே விரல் வைத்து அழுத்தினார். இடது காலில் கயிறுபோல ஒன்று திண்ணென்று எதிர்த்தது. வலது காலில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. விரல் உள்ளே போயிற்று. ஒரு பள்ளம், சுண்டுவிரல் படுக்கும் அளவு. வீக்கம் இருந்தவரை அது மூடிக் கிடந்திருக்கிறது. அழுத்தினால் பெரிதாக வலிக்கவும் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இரண்டு கையும் ஒரே அளவில்லாத பிளவுஸை அவர் ஒருநாளும் கடையைவிட்டு வெளியே விட்டதில்லை. தவறு எங்கே என்று தெரியாவிட்டால் பிரித்துத்தான் பார்ப்பார். இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மறுநாள் காலை, பாலிகிளினிக் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கையிலேயே, மிராண்டாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்குப் போனார். டாக்டர் சிவதர்ஷினி முப்பது சொச்சம் வயது. பாட்டன் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவர் நீட்டிய அளவு நோட்டை வரிவரியாகப் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் டாக்டர். அரை இஞ்ச் வித்தியாசம் வருது. டேப் ரெண்டு மாத்திப் பார்த்தாச்சு."

"வலி எப்படி இருக்கு?"

"வலி அவ்வளவா இல்ல. அதான் வரலாமா வேணாமான்னு…"

"காய்ச்சல்? முட்டி சிவந்து, தொட்டா சூடா?"

"இல்ல."

"சரி. படுங்க. வலது காலை நேரா நீட்டி, மடக்காம, அப்படியே மேல தூக்குங்க."

சவரிராஜ் தூக்கினார். கால் எழவில்லை. காது கேட்காதவரிடம் சொல்வதுபோல மறுபடி சொல்லிப் பார்த்தார். தொடையின் மேல்பக்கம் துடித்தது. குதிகால் மெத்தையைவிட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை. வேறு யாருடைய காலையோ பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. இடது காலைத் தூக்கச் சொன்னதும் அது தயங்காமல் எழுந்தது.

"வலிக்கலையே," என்றார்.

"வலிக்காது. உங்க தொடைச் சதையை முட்டிச் சில்லோட சேர்க்கிற தசைநார் அறுந்திருக்கு. முழுசா அறுந்தா வலி கொஞ்ச நாள்லயே குறைஞ்சிரும். அப்புறம் இழுக்கவும் ஆள் இல்ல, வலிக்கவும் ஒண்ணும் இல்ல. நீங்க தானா காலைத் தூக்க முடியலைன்னதும் அன்னைக்கே வந்திருக்கணும்."

"தூக்க முடியலைன்னு எனக்குத் தெரியாது டாக்டர். கையால தூக்கிட்டிருந்தேன். மெஷின்ல உட்கார்ந்தா முட்டி நல்லா வேலை செஞ்சுது."

"மெஷின்ல முட்டியை எந்தப் பக்கம் தள்ளுவீங்க?"

"பக்கவாட்டில்."

"அதுக்கு இடுப்புச் சதை போதும். பெடலுக்குக் கணுக்கால் போதும். இந்த நார் இல்லாமலே உங்க மெஷினை ஓட்டிரலாம்."

மிராண்டா அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளாக அந்தக் காலிடம் மெஷின் ஓட்டுமா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார், அதுவும் அதனால் பதில் சொல்ல முடிந்த கேள்வியை மட்டும்.

டாக்டர் அன்றைக்கே கடிதம் எழுதி அவசரப் பிரிவுக்கு அனுப்பினார். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், நார் முழுசாக அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் சீனர், மெதுவாக ஆங்கிலத்தில் பேசினார். வெள்ளிக்கிழமை தைத்துவிடலாம். பிறகு ஆறு வாரம் காலை மடக்காமல் பட்டை போட்டு நீட்டியே வைக்க வேண்டும்.

ஆறு வாரம். தீபாவளி அதற்குள் வந்து போய்விடும்.

"தீபாவளி முடிஞ்சதும் செய்யலாமான்னு கேளு," என்று மகளிடம் தமிழில் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை.

மிராண்டா கேட்டாள். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். "செய்யலாமாம்ப்பா. ஆனா நாள் போகப் போக அந்த நார் மேல சுருங்கிக்கிட்டே போகுமாம். ரெண்டு மூணு வாரம் தாண்டினா இழுத்தாலும் எட்டாதாம். அப்புறம் வேற எங்கேயாவது இருந்து நார் எடுத்து ஒட்டுப் போடணுமாம். கால் எந்த அளவுக்கு வரும்னு அப்ப சொல்ல முடியாதாம்."

"இப்ப செஞ்சா சொல்ல முடியுமா?"

அவள் கேட்டாள். "இப்பவும் உறுதியா சொல்ல முடியாதாம். வாய்ப்பு நல்லா இருக்காம்."

தையலுக்கு விட்ட துணி போதாவிட்டால் எந்தக் கைகாரனாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். நார் எங்கோ உள்ளே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிக்கொண்டிருப்பதை நினைத்தார். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஐம்பத்தெட்டு பிளவுஸில் பதினேழுதான் முடிந்திருந்தன. மீதியை என்ன செய்வது என்று அவர் படுக்கையிலிருந்து பெயர் சொல்லச் சொல்ல, கபீர் கடையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சிலர் வருத்தப்பட்டார்கள். சிலர் அன்றைக்கே வந்து துணியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக் கடைக்குப் போனார்கள். வைதேகி நேரில் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"போன்ல கேட்டப்ப கூட நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே அங்கிள்."

"நல்லாத்தாம்மா இருந்தேன். அதுதான் எனக்கும் புரியல."

"என் பிளவுஸ்?"

"வெட்டியாச்சு, தைக்கல. பாய்கிட்ட இருக்கு. வெட்டினத வேற ஆள்கிட்ட குடுத்தா கழுத்து சரியா வராது. பொங்கல் வரைக்கும் காத்திருப்பீங்களா?"

"பார்க்கலாம் அங்கிள்," என்றார் வைதேகி. கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனார்.

ஆறு வாரம் கழித்து, நவம்பரில் ஒரு காலை. பட்டையைக் கழற்றியபோது வலது தொடை கைபோல் மெலிந்திருந்தது. அதைத் தூக்கச் சொன்னது பவித்ரா என்ற பிசியோதெரபி பெண். சில்லுக்கு மேலே, தழும்புக்குப் பக்கத்தில், விரல் வைத்தாள்.

"இங்க இறுக்குங்க அங்கிள். இறுக்கிட்டு, குதிகாலைத் தூக்குங்க."

முதல் இரண்டு தடவை ஒன்றும் நடக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை போட்ட தையல் பிடிக்கவில்லையோ என்று நினைத்தார். உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர்களும் சொல்லித்தானே செய்தார்கள். மூன்றாவது தடவை அவள் விரலுக்கு அடியில் என்னவோ நகர்ந்தது. குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி வந்தது. கூடவே வலியும் வந்தது, படியில் விழுந்த அன்றைக்குப் பிறகு வராத வலி. நெற்றி வியர்த்தது.

"வலிக்குதும்மா."

"எப்படி வலிக்குது? கூர்மையா குத்துதா, இழுக்குதா?"

அவர் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் இரண்டில் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"இது இருக்கவேண்டிய வலியா, இருக்கக்கூடாத வலியா?"

"ஒரு தடவையில சொல்ல முடியாது அங்கிள்," என்றாள் பவித்ரா. விரலை எடுக்காமலே இருந்தாள். "குத்துச்சுன்னா உடனே நிறுத்துங்க. இப்ப இன்னொரு தடவை தூக்குங்க, பார்ப்போம்."

அவர் தூக்கினார்.